ஆள் தேட கூகுளா, லிங்க்ட்இன்னா, நவுக்ரியா, கன்சல்டன்ட்டா: கொங்குப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு ஓர் ஒப்பீடு

கணபதியில் பம்ப் செய்யும் ஒரு அண்ணன் போன வாரம் போன் செய்தார். "டிசைன் இன்ஜினியர் ஒருத்தர் வேணுங்க, மூணு மாசமாத் தேடறேன். லிங்க்ட்இன்ல காசு கட்டலாமா, நவுக்ரில கட்டலாமா, இல்ல கன்சல்டன்ட்கிட்டயே குடுத்துடலாமா?" என்று கேட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவிநாசியில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு அக்கா இதே கேள்வியை மெர்ச்சண்டைசருக்காக (வாடிக்கையாளரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவர்) கேட்டிருந்தார். பெருந்துறை சிப்காட்டில் இருந்து இன்னொருவர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்சார்ஜ் வேண்டும் என்று.

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் முதலில் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் எச்ஆர் ஆக இருந்தேன், இப்போது கோவையில் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் கம்பெனியில். வருடத்துக்கு ஐந்தாறு பேரைச் சேர்க்கும் கம்பெனிகளின் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே மாதத்தில் ஐம்பது பேரைச் சேர்க்கும் பெரிய ஐடி கம்பெனிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது

விலையை வைத்து மட்டும் முடிவு செய்பவர்கள்தான் அதிகம். பணம் முக்கியம்தான், ஆனால் அதோடு நேரத்தையும் எண்ண வேண்டும், அதுவும் சின்னக் கம்பெனியில் முதலாளியே உட்கார்ந்து தேடினால் அந்த நேரத்துக்குப் பெரிய விலை இருக்கிறது. கிடைக்கும் தகவல் எவ்வளவு புதியது என்று பார்க்க வேண்டும். பெயர் தெரிந்த பிறகு அவரிடம் பேச வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாம் ஆள் தேடுவது வெளியே தெரியாமல் இருக்குமா என்பதும் நம் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. ஒரு தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம், இல்லையென்றால் ஒரே கல்லூரி, இல்லையென்றால் ஒரே முகூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருபவர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நமக்கு வேண்டிய ஆள் தன்னைப் பற்றி எங்கே எழுதி வைத்திருப்பார்? மெர்ச்சண்டைசர், டிசைன் இன்ஜினியர், குவாலிட்டி மேனேஜர், அக்கவுண்ட்ஸ் மேனேஜர், சாஃப்ட்வேர் ஆட்கள் லிங்க்ட்இன்னில் இருப்பார்கள். டையிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், நிட்டிங் ஃபிட்டர், ஃபவுண்டரியில் மோல்டிங் பார்ப்பவர், இவர்களில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தேடினாலும் கிடைக்காது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

## வழி 1: கூகுளில் தேடல் வரி எழுதித் தேடுவது

லிங்க்ட்இன்னில் பொதுவில் திறந்து வைத்திருக்கும் புரொஃபைல்களை கூகுள் படித்து வைத்திருக்கிறது. அதனால் லிங்க்ட்இன்னுக்குள் போகாமலே, "இந்தத் தளத்துக்குள் மட்டும் தேடு" என்று கூகுளிடம் சொல்லி ஆளைத் தேடலாம். எச்ஆர் வட்டாரத்தில் இதற்கு எக்ஸ்ரே சர்ச் என்று பெயர். நான் முதலில் இதைத்தான் செய்வேன், மற்றவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேடல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தேடும்போது எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஏனென்றால் நம் ஆட்களின் புரொஃபைல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

அவிநாசி அக்காவுக்கு முதலில் கொடுத்த வரி:

சைட்:இன்.லிங்க்ட்இன்.காம்/இன் மெர்ச்சண்டைசர் நிட்ஸ் திருப்பூர்

சைட் என்பதற்குப் பின்னால் முக்காற்புள்ளி, அதன் பின் இடைவெளி விடாமல் முகவரி. முகவரியின் கடைசியில் வரும் "இன்" தனிநபர் புரொஃபைல்களுக்கானது. அதைப் போட்டால் வேலை விளம்பரங்களும் கம்பெனிப் பக்கங்களும் வராது. முன்னால் வரும் "இன்" இந்தியாவைக் குறிப்பது. திருப்பூரில் பழகிய மெர்ச்சண்டைசர்கள் வங்கதேசத்திலும் எத்தியோப்பியாவிலும் வேலை பார்க்கிறார்கள், அவர்களும் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் "இன்"னை எடுத்துவிடுங்கள்.

இந்த வரியை அடித்தால் என்ன ஆகும்? கடைகளில் துணி அடுக்கிக் காட்சிப்படுத்தும் விஷுவல் மெர்ச்சண்டைசர்களும், சூப்பர் மார்க்கெட் ரீடெய்ல் மெர்ச்சண்டைசர்களும் வந்து நிற்பார்கள். அவர்களை விலக்க வேண்டும். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு "பி" போட்டு எழுதுபவர், இரண்டு "பி" போட்டு எழுதுபவர், முதல் எழுத்தோடு "எச்" சேர்த்து எழுதுபவர் என்று மூன்று கட்சி இருக்கிறது, மூன்றையும் சேர்க்க வேண்டும். அப்போது வரி இப்படி ஆகும்:

சைட்:இன்.லிங்க்ட்இன்.காம்/இன் மெர்ச்சண்டைசர் நிட்ஸ் திருப்பூர் ஆர் திருபூர் ஆர் திருப்பூர் -விஷுவல் -ரீடெய்ல்

மூன்று இடத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆர்" என்பது அல்லது என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல், இரண்டு எழுத்தையும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், சின்ன எழுத்தில் அடித்தால் கூகுள் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். கழித்தல் குறி சொல்லோடு ஒட்டியே இருக்க வேண்டும். "இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்" என்பதற்குத் தனிச் சொல் தேவையில்லை, இடைவெளி விட்டு அடித்தாலே போதும். சேர்ந்து வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். மேற்கோள் போடாவிட்டால் கூகுள் ஒத்த சொற்களையும் தானே சேர்த்துக்கொண்டு வரும். ஒரு வரியில் 32 சொல் வரைதான் கூகுள் பார்க்கும், அதற்கு மேல் எழுதுவதை விட்டுவிடும்.

வரி எழுதத் தெரிவது சின்ன வேலை, அரை மணி நேரத்தில் யாரும் பழகிவிடலாம். உண்மையான வேலை அந்த ஆள் தன்னை எப்படி எழுதிக்கொள்வார் என்று யோசிப்பதில்தான் இருக்கிறது. பெருந்துறைக்காரரின் தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் மாசுக்காகத் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறையில் நிலையம் நடத்திய அனுபவம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு வந்தது. ஆனால் புரொஃபைலில் ஒருவர் "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்" என்று முழுசாக எழுதியிருப்பார், இன்னொருவர் "இசட்எல்டி" என்று மூன்றெழுத்து போட்டிருப்பார், மூன்றாமவர் "இடிபி இன்சார்ஜ்" (இடிபி என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), நான்காமவர் "சிஇடிபி" (பல ஆலைகளுக்குப் பொதுவான நிலையம்), ஐந்தாமவர் வெறும் "என்விரான்மென்ட் இன்ஜினியர்". ஐந்தும் ஒரே வேலை. அவர் "இடிபி ஆபரேட்டர்" என்று மட்டும் போட்டுத் தேடி, யாருமே இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். தன் கம்பெனியில் இப்போது அந்த வேலையைப் பார்ப்பவரிடம் "நீங்க புரொஃபைல் எழுதினா என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்கச் சொன்னேன். எந்தப் பதவிக்குத் தேடினாலும் இந்தக் கேள்வியில் இருந்து தொடங்குங்கள்.

கணபதி அண்ணனுக்குச் சொன்னது வேறு. கோயம்புத்தூரில் பம்ப் டிசைன் தெரிந்தவர்கள் ஏற்கனவே ஏதாவது ஒரு பம்ப் கம்பெனியில்தான் இருப்பார்கள், அந்த முதலாளிகளை அண்ணனுக்கு நேரில் தெரியும், கூப்பிடத் தயங்குவார். அதனால் ஊரைத் திருப்பிப் போடச் சொன்னேன். கோவையில் ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) 1945-ல் தொடங்கியது, பிஎஸ்ஜி டெக் 1951-ல், சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) 1956-ல். இந்தக் கல்லூரிகளில் இருந்து எத்தனையோ தலைமுறை மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குழந்தையை ஊரில் படிக்க வைக்க வேண்டும், பொள்ளாச்சியில் தோப்பைப் பார்க்க ஆள் இல்லை என்று திரும்பி வர நினைப்பவர்கள் அதில் கட்டாயம் இருப்பார்கள். அதனால் கல்லூரியின் பெயரை மேற்கோளுக்குள் போட்டு, ஊரை வெளியூராகப் போட வேண்டும்:

சைட்:இன்.லிங்க்ட்இன்.காம்/இன் "பிஎஸ்ஜி காலேஜ் ஆஃப் டெக்னாலஜி" "டிசைன் இன்ஜினியர்" பம்ப்ஸ் புனே ஆர் பெங்களூரு ஆர் அகமதாபாத்

கல்லூரியின் முழுப் பெயரைப் போடுவது நல்லது. "சிஐடி" என்று மூன்றெழுத்து மட்டும் போட்டால் நாட்டில் இருக்கும் அத்தனை சிஐடியும் வரும். பிஎஸ்ஜி என்று மட்டும் போட்டால் கலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வரும். கொங்கு இன்ஜினியரிங் காலேஜ், குமரகுரு, பண்ணாரி அம்மன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெங்களூருவுக்கு ஆங்கிலத்தில் பழைய பெயரும் புதுப் பெயரும் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே வரியில் எல்லோரையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கில் முடிவு இருப்பதாக கூகுள் சொன்னாலும் கடைசி வரை பக்கம் பக்கமாகக் காட்டாது, சில நூறு பேரோடு நிறுத்திவிடும். அதனால் ஊர் வாரியாக, கல்லூரி வாரியாக, போட்டிக் கம்பெனி வாரியாகச் சின்னச் சின்ன வரிகளாக உடைத்துத் தேட வேண்டும். இதே வரியைப் பிங்கிலும் ஒரு முறை போடுங்கள், இரண்டும் தனித்தனியாகப் படித்து வைப்பதால் கூகுளில் வராத பெயர் அங்கே வரும். மளமளவென்று அடித்துக்கொண்டே போனால் கூகுள் நீங்கள் மனிதர்தானா என்று படம் காட்டிக் கேட்கும். கொஞ்சம் நிதானமாகச் செய்தால் அந்தத் தொல்லை இருக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு. காசு ஒன்றும் கட்ட வேண்டாம், ஆனால் இரண்டு மூன்று நாள் மாலை நேரம் போகும். புரொஃபைலைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று மூடி வைத்திருப்பவர் இதில் வரவே மாட்டார். வருபவரிடமும் போன் நம்பர் இருக்காது. தகவல் பழசாக இருக்கும் அபாயமும் உண்டு. ஒரு முறை கோயம்புத்தூர் என்று போட்டிருந்த ஒருவருக்காக நான் ஒரு வாரம் காத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் அவர் ஓமனுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது, புரொஃபைலைத் தொடவே இல்லை. வேலை மாற விரும்புகிறாரா என்பதும் கூகுளுக்குத் தெரியாது.

எப்போது இதுவே சரி. வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் வேண்டும், அவசரம் இல்லை, பதவி கொஞ்சம் அபூர்வமானது என்றால்.

## வழி 2: லிங்க்ட்இன்னின் சொந்தத் தேடல், காசு கட்டாமல்

லிங்க்ட்இன்னுக்குள்ளேயே ஊர், இப்போதைய கம்பெனி, பழைய கம்பெனி, கல்லூரி என்று வடிகட்டித் தேடலாம். சேர், அல்லது, விலக்கு என்ற மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களை (ஆண்ட், ஆர், நாட்) பெரிய எழுத்தில் அடித்தால் அதுவும் புரிந்துகொள்ளும், அடைப்புக்குறியும் வேலை செய்யும். தகவல் கூகுளைவிடப் புதியது, ஒருவர் இன்று காலையில் பதவியை மாற்றினால் இங்கே உடனே தெரியும்.

ஆனால் இரண்டு இடத்தில் முட்டும். ஆள் சேர்ப்பதற்காகத் தேடுகிறீர்கள் என்று அதற்குத் தோன்றினால் மாதாந்திர வரம்பு ஒன்றைப் போட்டு, முடிவுகளைச் சுருக்கிவிடும், அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் திறக்கும். உங்கள் தொடர்பு வட்டத்துக்கு வெகுதூரத்தில் இருப்பவரின் பெயரை மறைத்து, வெறுமனே உறுப்பினர் என்று காட்டும். புதிதாகக் கணக்குத் தொடங்கி இருபது பேரை மட்டும் சேர்த்து வைத்திருக்கும் முதலாளிக்கு இந்தத் தேடல் அரைக் கிணறுதான்.

இங்கேதான் முதல் வழியும் இரண்டாவதும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன. பெயரைக் கூகுளில் கண்டுபிடியுங்கள், பிறகு அந்தப் பெயரை லிங்க்ட்இன்னின் மேலே இருக்கும் பெட்டியில் அடித்துப் புரொஃபைலைத் திறந்து இப்போதைய நிலையைச் சரிபாருங்கள். பெயரைச் சொல்லித் தேடுவது அந்த மாதாந்திர வரம்பில் சேராது.

இன்னொரு நல்ல வசதியும் இலவசமாகவே இருக்கிறது. ஒரு கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போனால் அங்கே படித்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள், என்ன வேலை என்று பிரித்துக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. ஊர் திரும்ப நினைப்பவரைத் தேட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கணக்கில் உள்ளே இருந்துகொண்டு ஒருவரின் புரொஃபைலைத் திறந்தால், நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியும். திருப்பூரில் ஒரு கம்பெனி முதலாளி, போட்டிக் கம்பெனியில் இருக்கும் ஒரே அணியின் நான்கு மெர்ச்சண்டைசர்களை ஒரே நாளில் திறந்து பார்த்தார். நான்கு பேரும் மதிய உணவு நேரத்தில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு சீர் விசேஷத்தில் இரண்டு முதலாளிகளும் சந்தித்தபோது அதுதான் முதல் பேச்சு. பெயரைக் காட்டாமல் பார்க்கும் முறையை அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இது நடக்காது, பதிலுக்கு உங்களை யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் உங்களுக்கும் கிடைக்காது.

## வழி 3: லிங்க்ட்இன்னில் காசு கட்டுவது

ரிக்ரூட்டர் லைட் என்ற திட்டம் சின்னக் கம்பெனிகளுக்கானது. தேடல் வரம்பு போய்விடும், மூன்றாம் வட்டம் (நம் தொடர்பில் இருப்பவரின் தொடர்புக்குத் தொடர்பு) வரை பெயர்கள் தெரியும், தொடர்பில் இல்லாதவருக்கும் அனுப்ப மாதம் 30 இன்மெயில் (லிங்க்ட்இன் வழியே போகும் செய்தி) கிடைக்கும். 90 நாளுக்குள் அவர் பதில் போட்டால் அந்த ஒன்று நம் கணக்கில் திரும்ப வந்துவிடும். இதைவிடப் பெரிய பலன், வேலை மாற விரும்புவதை ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருப்பவர்களைக் காட்டும். கூகுளிலும் இலவசத் தேடலிலும் அது தெரியவே தெரியாது.

இதன் குறை விலையில் மட்டும் இல்லை. மாதா மாதம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும், வரியும் சேரும். கணக்கு ஒரு தனிநபரின் புரொஃபைலோடு ஒட்டியது, உங்கள் எச்ஆர் பெண் வேலையை விட்டுப் போனால் அவர் சேர்த்து வைத்த பட்டியலும் பேச்சு வார்த்தையும் அவரோடு போய்விடும். வாங்கிய வேகத்தில் முதல் மாதம் பொழுதுக்கும் அதிலேயே இருந்து, மூன்றாவது மாதம் திறந்தே பார்க்காமல் காசு மட்டும் கட்டும் கம்பெனிகள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு பேராவது தொடர்ந்து வேண்டும் என்றால் கட்டுங்கள், ஒரே ஒரு இன்ஜினியருக்காக வேண்டாம். கட்டுவதாக இருந்தாலும் முதல் இரண்டு வழிகளில் தேடல் சொற்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் அந்த ஒரு மாதமே போதும்.

## வழி 4: நவுக்ரி போன்ற ரெஸ்யூமே கிடங்கு

1997-ல் வந்த நவுக்ரியை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. கம்பெனிகளுக்கு அவர்கள் விற்பது ரெஸ்யூமே கிடங்கில் தேடும் அனுமதி. போன் நம்பர், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று எல்லாமே இருக்கும். வேகத்தில் இதை எதுவும் அடிக்காது, காலையில் தேடி மதியத்துக்குள் பத்துப் பேரிடம் பேசிவிடலாம்.

ஆனால் அங்கே இருப்பவர் வேலை தேடிக்கொண்டிருப்பவர் மட்டும்தான். இருக்கும் இடத்தில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டு, யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால் யோசிப்பேன் என்று இருப்பவர் அங்கே ரெஸ்யூமே போட மாட்டார். போட்டிருப்பவரை உங்களைப் போல இன்னும் பத்துக் கம்பெனி கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி இருக்கும் கம்பெனியிலேயே சம்பளம் ஏற்றிக்கொள்வதும் நடக்கிறது. இரண்டு மாத நோட்டீஸ் காலம் காத்திருந்து, சேர வேண்டிய நாளில் போன் எடுக்காமல் போன ஒருவரால் எங்களுக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டரின் டிராயிங் வேலை முழுவதும் தள்ளிப்போனது. அதனால் இந்த வழியில் ஒரு இடத்துக்கு இரண்டு பேரைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், சேல்ஸ் இன்ஜினியர் மாதிரி நிறையப் பேர் இருக்கும் பதவிகளுக்கும், அடுத்த மாதமே ஆள் வேண்டும் என்ற அவசரத்துக்கும் இதுதான் சரி.

## வழி 5: கன்சல்டன்ட்

கன்சல்டன்ட் என்பவர் நமக்காக ஆள் தேடித் தருபவர். ஆள் சேர்ந்த பிறகு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பதுதான் பழகிப்போன கட்டணம். ஆண்டுக்கு 6 லட்சம் சம்பளம் என்றால் 49,980 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு கிட்டத்தட்ட 59,000. பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் முதலாளியின் மூன்று வார நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரகசியம் வேண்டும் என்றால் இதுதான் வழி. உங்கள் பெயர் வெளியே வராமல் அவர் பேசிப் பார்ப்பார். இருக்கும் மேனேஜருக்குப் பதிலாக ஆள் தேடும்போதும், சொந்தக்காரர் கம்பெனியில் இருப்பவரை யோசிக்கும்போதும் நான் இதைத்தான் சொல்வேன். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் போய்விட்டால் வேறு ஆள் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய் வார்த்தையில் விட வேண்டாம். அதே ஆளை இரண்டு கன்சல்டன்ட் அனுப்பினால் யாருக்குக் காசு என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். பல கன்சல்டன்ட்கள் செய்வதும் மேலே சொன்ன முதல் மற்றும் நான்காம் வழிகளைத்தான். ஆனால் பம்ப் தொழிலையோ பின்னலாடையையோ பத்து வருடம் பார்த்த ஒருவருக்கு, புரொஃபைலில் இல்லாத விஷயமும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் அந்தக் காசு தகும்.

## வழி 6: தெரிந்தவர் வழியாக

டையிங் மாஸ்டருக்கும் ஃபிட்டருக்கும் இதுதான் வழி. கெமிக்கல் விற்க வருபவர், மெஷின் சர்வீஸ் செய்ய வருபவர், நூல் ஏஜென்ட், இவர்களுக்கு எந்த மாஸ்டர் எங்கே இருக்கிறார், யார் மனக்கஷ்டத்தில் இருக்கிறார் என்று தெரியும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதைவிட இவர்களில் மூன்று பேரிடம் நேரில் சொல்வது நன்றாகப் பலன் தரும்.

சங்கடமும் இங்கேதான் அதிகம். பெரிய மாமா சொல்லிச் சேர்த்தவரை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றையும் மனசார எழுதுகிறேன்: தெரிந்தவர் வழியாக மட்டுமே சேர்த்தால் ஒரே ஊர், ஒரே சாதி ஆட்களாகவே கம்பெனி நிறைந்துவிடும், வெளியே இருக்கும் திறமையான பிள்ளைகளுக்குக் கதவு திறக்காது. தேடல் வரி எழுதித் தேடுவதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் அங்கே வேலையை வைத்துத் தேடுகிறோம். அங்கேயும் பெயரைப் பார்த்து வடிகட்டினால் தேடியதற்கே அர்த்தம் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | நேரம் | யார் கிடைப்பார் | பேச வழி | வெளியே தெரியுமா |
|---|---|---|---|---|---|
| கூகுள் தேடல் வரி | இல்லை | அதிகம் | வேலை தேடாதவரும் | நாமே ஏற்படுத்த வேண்டும் | தெரியாது |
| லிங்க்ட்இன் இலவசம் | இல்லை | நடுத்தரம் | தொடர்பு வட்டத்துக்குள் | அழைப்பு அனுப்பி | பார்த்தது தெரியும் |
| ரிக்ரூட்டர் லைட் | மாதச் சந்தா | நடுத்தரம் | மாற விரும்புபவரும் | இன்மெயில் | ஓரளவு |
| நவுக்ரி | சந்தா | குறைவு | வேலை தேடுபவர் மட்டும் | போன் நம்பர் உண்டு | ஓரளவு |
| கன்சல்டன்ட் | ஒரு மாதச் சம்பளம் | மிகக் குறைவு | அவருக்கு எட்டுபவர் | அவரே பேசுவார் | தெரியாமல் வைக்கலாம் |
| தெரிந்தவர் | இல்லை | சொல்ல முடியாது | புரொஃபைல் இல்லாதவர் | நேரில் | கட்டாயம் தெரியும் |

## செய்யக் கூடாதது

புரொஃபைல்களை மொத்தமாக உருவி எக்செலில் போட்டுத் தரும் மென்பொருள்களை விற்க வருவார்கள். லிங்க்ட்இன்னின் விதிகள் அதைத் தடை செய்கின்றன, கணக்கை முடக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் ஹைக்யூ என்ற நிறுவனம் இப்படிப் பொதுப் புரொஃபைல்களை உருவியதற்காக லிங்க்ட்இன்னோடு பல வருடம் வழக்காடி, 2022-ல் சமரசத்தில் முடிந்தபோது 5 லட்சம் டாலருக்குத் தன் மீது தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் 2023-ம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே பொதுவில் போட்ட தகவலுக்குப் பொருந்தாது. ஆனால் யாரோ சேர்த்து விற்கும் போன் நம்பர் பட்டியலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட பட்டியலை வாங்காதீர்கள்.

ஒருவர் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் மெயிலுக்கோ அலுவலகப் போனுக்கோ தொடர்புகொள்ளவே கூடாது. அவருடைய வேலைக்கே அது ஆபத்து. பெண்களுக்கு இரவு நேரத்தில் செய்தி அனுப்பாதீர்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பட்டியலில் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

கணபதி அண்ணனுக்கு: முதல் வழியும் இரண்டாவதும். கல்லூரி வரிகளில் நான்கு மாலை உட்கார்ந்து இருபது பெயர் எடுங்கள், அதற்குள் யாரும் சரியாக வராவிட்டால் ரிக்ரூட்டர் லைட் ஒரே ஒரு மாதம். பெருந்துறைக்காரருக்கு: அந்த ஐந்து பெயர்களிலும் கூகுளில் தேடுங்கள், கூடவே உங்கள் நிலையத்துக்கு மெம்பிரேன் (கழிவுநீரை வடிகட்டும் சவ்வு) சப்ளை செய்பவரிடம் சொல்லி வையுங்கள், இன்சார்ஜ் லிங்க்ட்இன்னில் இருந்தாலும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நல்ல ஆபரேட்டர் இருக்க மாட்டார். அவிநாசி அக்காவுக்கு ஆறு வாரத்தில் ஆள் வேண்டும், அதுவும் ஒரு வாடிக்கையாளரின் வேலை தெரிந்தவராக வேண்டும். அவருக்கு நவுக்ரி எடுக்கச் சொன்னேன், அது நடக்கும்போதே கூகுள் வரியும்.

அக்கா இன்னொன்றும் கேட்டார், பெயர் கிடைத்த பிறகு என்ன எழுதுவது என்று. முதலில் அனுப்பும் செய்தி சில வரிதான் இருக்க வேண்டும். "உங்களுக்கு ஓர் அருமையான வாய்ப்பு" என்று தொடங்கும் செய்தியை யாரும் படிப்பதில்லை. நான் அவருக்கு எழுதிக் கொடுத்தது இது:

"வணக்கம்ங்க. அவிநாசியில் எங்கள் பின்னலாடைக் கம்பெனிக்கு சீனியர் மெர்ச்சண்டைசர் வேண்டும். குழந்தைகள் உடுப்பில் உங்கள் அனுபவத்தைப் புரொஃபைலில் பார்த்தேன். மாறும் எண்ணம் இருந்தால் மட்டும், உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன். எண்ணம் இல்லையென்றால் ஒன்றும் சங்கடமில்லைங்க."

முதல் நாளே பன்னிரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு அக்கா போன் செய்தார், ஐந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் இப்போது மாறுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு, தன்னோடு முன்னால் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்திருக்கிறார். குழந்தை பிறந்த பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வர நினைப்பவராம், வீடு சேவூரில். அவருடைய புரொஃபைலில் கடைசியாக இருந்த வேலை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எங்கள் வரி எதிலும் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.